பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?

வணக்கம் சார்,

நான் திருவாரூர் மாவட்டத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில டீச்சரா இருக்கேன். பேர் போட வேண்டாம். எங்க ஸ்கூல்ல லைப்ரரின்னா எச்எம் ரூம்ல இருக்கிற ரெண்டு இரும்பு பீரோ தான், சுமார் 600 புக் இருக்கும். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு என் தலையில. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஆளுக்கொரு புக் குடுத்து, படிச்சுட்டு ஒரு பக்கம் சுருக்கம் எழுதித் தரச் சொல்றேன். யாரும் ஆர்வமா படிக்கிற மாதிரி தெரியல. படம் பாக்குறாங்க, பேசுறாங்க, சுருக்கம் கேட்டா முதல் பக்கத்த அப்படியே காப்பி அடிச்சு நீட்டுறாங்க. வீட்டுக்குக் குடுத்து விடலாம்னா, தொலைஞ்சா ஆடிட்ல நீ தான் பதில் சொல்லணும்னு சீனியர் டீச்சர் பயமுறுத்துறாங்க. 7ஆம் வகுப்புல பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டித் தான் படிக்க வருது. செல்போன் காலத்துல இதெல்லாம் நடக்கிற காரியமா சார்? இல்ல நான் தான் ஏதாவது தப்பா பண்றேனா?

*

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். கொஞ்சம் தப்பா தான் பண்றீங்க. கோவிச்சுக்காதீங்க, நாங்க எல்லாரும் அப்படி ஒரு பீரோவுக்கு வெளியில நின்னு தான் படிச்சோம், அதனால சொல்ற உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

நான் படிச்ச ஸ்கூல்ல கண்ணாடி வச்ச பீரோ. சாவி ஒரு சார்கிட்ட இருக்கும். மூணு வருஷம் நான் அந்தக் கண்ணாடி வழியா புக்கோட முதுகுல இருக்கிற பேர மட்டும் தான் படிச்சேன், இப்பவும் மேல் தட்டுல இடமிருந்து வலமா என்னென்ன இருந்துச்சுன்னு வரிசையா சொல்லிடுவேன். வருஷத்துல ஒரு நாள், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், எங்க நாலு பேர கூப்பிட்டு புக்கெல்லாம் தூசி தட்டி அடுக்குங்கடான்னு சொல்லிட்டு சார் டீ குடிக்கப் போயிடுவார். கதவத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூஞ்சில அடிக்கும். நாங்க எங்க தூசி தட்டினோம்? ஆளுக்கொரு மூலையில சிமெண்டுத் தரையில உக்காந்துட்டோம், கையில துணி, மடியில புக், சார் செருப்புச் சத்தம் வராண்டாவுல கேட்டா மட்டும் நாலு தட்டு. எனக்குக் கிடைச்ச ஒரே லைப்ரரி பீரியட் அதுதான், டைம்டேபிள்ல அது இல்ல. யாரும் சுருக்கம் கேக்கல பாருங்க.

சுருக்கம் கேக்கிறத நாளைக்கே நிறுத்திடுங்க டீச்சர். நீங்க ராத்திரி ஒரு சீரியல் பாக்குறீங்க, காலையில அதப் பத்தி ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்கணும்னு வீட்ல ஒருத்தர் சட்டம் போட்டா, நாலாவது நாள் டிவிய போடுவீங்களா? பிள்ளைங்க காப்பி அடிச்சுத் தராங்கன்னா அவங்க சோம்பேறிங்கன்னு அர்த்தம் இல்ல, அது இன்னொரு ஹோம்வொர்க்னு சரியா கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். படம் மட்டும் பாக்குறாங்களா, பாக்கட்டும். பேசுறாங்களா, கொஞ்சம் ஒட்டுக் கேளுங்க, பாதி நேரம் அந்தப் படத்தப் பத்தி தான் பேசிட்டு இருப்பாங்க.

இன்னொரு விஷயம், நீங்களே ‘ஆளுக்கொரு புக் குடுக்கிறேன்’னு எழுதிருக்கீங்க. அங்க தான் சிக்கல். ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்க வச்சு கைக்கு வந்தத நீட்டினா, பாம்பு பத்தி படிக்கணும்னு நினைக்கிற பையனுக்கு நீதிக்கதை போகும், அவன் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல மணியடிக்கிறதுக்குக் காத்திருப்பான்.

உங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரப் பத்தி சொல்லணும். சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு லைப்ரரியனா போனவர் (இப்ப நம்ம ஸ்கூல்ல லைப்ரரி பீரியட கணக்கு வாத்தியார் தான் கடன் வாங்கிட்டுப் போறார், அது வேற விஷயம்). லைப்ரரி எப்படி நடக்கணும்னு அவர் 1931ல எழுதின ஐந்து விதிகள்ல முதல் விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத் தான்ங்கிறது. இதக் கூடவா ஒருத்தர் விதின்னு எழுதணும்னு தோணும். ஆனா அத விளக்க அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் ஐரோப்பாவுல பழைய காலத்துல புத்தகத்த இரும்புச் சங்கிலியால அலமாரியோட கட்டி வச்ச கதை. சங்கிலி போயிடுச்சு, நம்மகிட்ட கோத்ரெஜ் பீரோ வந்துடுச்சு. அதே 1931ல உங்க மாவட்டத்துலயே, மன்னார்குடியில, ஓய்வு பெற்ற இன்ஜினியர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில புக்க ஏத்தி சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் அனுப்பினார். ரோடு எப்படி இருந்திருக்கும், மழை வந்தா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. அந்த வண்டி போன ஊர்கள்ல ஒண்ணுல தான் இப்ப உங்க ஸ்கூல் இருக்கோ என்னவோ, அங்க எச்எம் ரூம்ல இருந்து பத்தடி தள்ளி இருக்கிற வகுப்புக்கு புக் போக மாட்டேங்குது.

ஆடிட் பயம் நியாயமான பயம் தான், நான் சிரிக்க மாட்டேன். சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டா யாருக்குத் தான் கை வரும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017ல லைப்ரரிக்குன்னு ஒரு விதி இருக்கு, வருஷத்துல படிக்கக் குடுத்த 1000 புக்குக்கு 5 புக் தொலைஞ்சா அது சகஜமான இழப்பு தான்னு அதுல எழுதியே வச்சிருக்காங்க, நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாத வரைக்கும். அது டெல்லி ஆபீஸ்களுக்கான விதி, உங்க ஸ்கூலுக்கு நேரா பொருந்தாது, உங்க வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட (பிஇஓ) இதக் காட்டி வாதாட வேண்டாம். ஆனா கணக்குப் பாக்குறவங்களே புக்குன்னா நாலு தொலையும்னு ஒத்துக்கிட்டாங்க, நாம ஏன் 600க்கு 600 இருக்கணும்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்?

இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கிற பசங்க. இது தான் உங்க கடிதத்துலயே பெரிய விஷயம், நீங்க ஒரு வரியில தாண்டிட்டீங்க. எழுத்து வசமாகாத பையன்கிட்ட 80 பக்க புக்கக் குடுக்கிறது நீச்சல் தெரியாதவன ஆத்துல தள்ளுற மாதிரி. பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்ன புக் போட்டாங்களே, உங்க ஸ்கூல்லயும் கட்டுப் பிரிக்காம எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க. ஊஞ்சல், தேன்சிட்டுன்னு பள்ளிப் பிள்ளைங்களுக்கான சிறுவர் பத்திரிகைகளோட பழைய இதழ்களும் சணல் கயித்துல கட்டி பீரோ மேல தான் கிடக்கும். ஆனா 7ஆவது படிக்கிற பையன் கையில ‘நுழை’ புக்க நேரா குடுத்துடாதீங்க, மீசை அரும்புற வயசு, பக்கத்து பெஞ்ச் பொண்ணு பாத்தா செத்துடுவான். நான் பாத்த ஒரு ஸ்கூல்ல ஒரு டீச்சர் இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. ‘2ஆம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு கதை படிச்சுக் காட்ட ஆள் வேணும், யாரு வரீங்க’ன்னு கேட்டாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பையன் எழுந்து நின்னான். சின்னப் பிள்ளைங்க முன்னாடி தடுமாறக் கூடாதுன்னு முதல் நாளே அந்த புக்க வீட்டுக்குக் கொண்டு போய் ஏழெட்டு தடவ படிச்சுப் பாத்துட்டு வந்தான், மறுநாள் சுத்தி உக்காந்திருந்த வாண்டுங்களுக்கு சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் போட்டான். அவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த வாண்டுங்களுக்குத் தெரியாது, கொஞ்ச நாள்ல அவனுக்கும் மறந்து போச்சு.

அதே ஸ்கூல்ல சாவி 8ஆம் வகுப்பு படிக்கிற ரெண்டு பொண்ணுங்ககிட்ட இருந்துச்சு. நான் சும்மா ஒரு புக்க உருவப் போனேன், ‘பேர எழுதிட்டு எடுங்க’ன்னு ஒரு நோட்ட நீட்டிட்டாங்க, கெஸ்டாவது ஒண்ணாவது. அந்த நோட்டப் புரட்டினேன், கோடு போட்ட 40 பக்க நோட்டு, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கையெழுத்து. ஒரு பையன் பேருக்கு நேரா டிராக்டர் படம் போட்ட ஒரே புக் ஆறு தடவ. வேற எடுக்கச் சொல்லலயான்னு கேட்டேன். ‘சொன்னோம், அவன் அப்பாவுக்குக் காட்டணுமாம்’னுச்சு ஒரு பொண்ணு. அந்த புக்கயும் எடுத்துப் பாத்தேன், நடுப்பக்கத்துல மஞ்சளா குழம்பு விரல் அடையாளம், பின் அட்டைய பழைய காலண்டர் பேப்பர்ல ஒட்டிருந்தாங்க. எனக்கு அந்த பீரோவுலயே ரொம்பப் பிடிச்ச புக் அது தான்.

செல்போன் பத்தி என்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. ரீல்ஸ் நல்லா தான் இருக்கு, நானும் பாக்குறேன். அதோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஆனா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல அவங்க கையில போன் இல்ல இல்லயா, அந்த 40 நிமிஷம் உங்க கையில இருக்கு. முதல் பத்து நிமிஷம் நீங்களே ஒரு கதைய உரக்கப் படிங்க. நல்ல இடமா பாத்து, புலி பாஞ்சிடுச்சா இல்லயான்னு தெரியுறதுக்கு ஒரு வரி முன்னாடி மூடி மேஜை மேல வச்சுட்டு, ஏதோ ரிஜிஸ்டர் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

பொங்கல் லீவுக்கு அப்புறம் நான் மன்னார்குடி பக்கம் வர வேண்டியிருக்கு. வீட்ல பிள்ளைங்க படிச்சு முடிச்ச காமிக்ஸ், பழைய அம்புலிமாமா, பாம்பு பல்லி பத்தி நாலஞ்சு புக்னு ஒரு அட்டைப்பெட்டி இருக்கு, கொண்டு வந்து தரேன். ஒரே ஒரு கண்டிஷன், எச்எம்கிட்ட சொல்லிட்டு அதுல ஒண்ணக் கூட ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தாதீங்க. சீல் வேண்டாம், நம்பர் வேண்டாம், பீரோவும் வேண்டாம், வராண்டாவுல கொடி கட்டி கிளிப்புல தொங்க விட்டுடுங்க. தொலைஞ்சா எனக்கு லெட்டர் போடுங்க, எந்த புக் முதல்ல தொலைஞ்சுதுன்னு மட்டும் மறக்காம எழுதுங்க, அதுலயே இன்னும் ரெண்டு காப்பி வாங்கித் தரேன்.