கேட் தேர்வும் மறதியும் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. வரும் பிப்ரவரியில், முதுகலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதப்போகிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், டிஜிட்டல் லாஜிக், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு இப்போது நெட்வொர்க்ஸில் இருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், ஒரு பாடத்தை முடித்து அடுத்ததுக்குப் போனதும் முந்தையது காணாமல் போய்விடுகிறது. கேஷ் மேப்பிங் கணக்கெல்லாம் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். போன வாரம் மாக் டெஸ்டில் அது வந்தபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற ஆசையில்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டு, பிடித்த துறையே வெறும் சூத்திரங்களாகத் தெரிகிறது. கூடப் படித்தவர்கள் வேலை வாங்கிவிட்டார்கள் என்பது வேறு. கம்பைலர் டிசைனுக்கு மார்க் குறைவு, அதை விட்டுவிடு என்கிறார்கள். விடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள மாணவிக்கு,

மறதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளம்பியவைதான்.

வழக்கமான அறிவுரை உங்களுக்கே தெரியும்: ஷார்ட் நோட்ஸ் எழுது, வாரம் ஒருமுறை ரிவிஷன் பண்ணு. தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. 'முடித்துவிட்டேன்' என்று சொல்லிப் பாடங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். அது கல்லூரியின் வரிசை. செமஸ்டருக்குச் செமஸ்டர் வேறு ஆசிரியர், வேறு புத்தகம், வேறு வினாத்தாள். அங்கே போன செமஸ்டரை மறந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட் அப்படி இல்லை. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15 போக மீதி 85-ம் எல்லாப் பாடங்களிலிருந்தும் கலந்து வரும். இந்தத் துறையை ஒரே துறையாகப் பார்க்கும்படி உங்களை யாராவது கட்டாயப்படுத்துவது அநேகமாக இதுதான் முதல் தடவை. நீங்கள் அதைப் பத்துத் துறைகளாகவே வைத்துக்கொண்டு பத்தையும் தனித்தனியாக ஞாபகம் வைக்கப் பார்க்கிறீர்கள். யாராலும் முடியாது.

உங்கள் கேஷ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கேஷ் என்பது ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்; மெயின் மெமரியின் எந்த பிளாக் அதில் எந்த வரியில் உட்காரும் என்ற விதிதான் மேப்பிங். முகவரி 32 பிட். கேஷ் 32 கிலோபைட், ஒரு பிளாக் 64 பைட், டைரக்ட் மேப்பிங் (ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு வரிதான்). 64 பைட்டுக்குள் ஒரு பைட்டைச் சுட்ட 6 பிட் வேண்டும். 32 கிலோபைட்டை 64-ஆல் வகுத்தால் 512 வரிகள், அதற்கு 9 பிட். மீதி 17 பிட் டேக், அதாவது அந்த வரியில் இப்போது இருப்பது எந்த பிளாக் என்ற அடையாளம். அவ்வளவுதான்.

இப்போது ஓஎஸ். அது நினைவகத்தைப் பக்கங்கள் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறது. அதே 32 பிட் முகவரி, பக்கம் 4 கிலோபைட். கீழே 12 பிட் பக்கத்துக்குள் இருக்கும் இடம், மேலே 20 பிட் பக்க எண். அடுத்து, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க்ஸ். ஐபி முகவரியும் (ஐபிவி4) 32 பிட்தான். ஸ்லாஷ் 20 (/20) என்று ஒரு சப்நெட், அதாவது நெட்வொர்க்கின் உட்பிரிவு, கொடுத்தால் மேலே 20 பிட் நெட்வொர்க், கீழே 12 பிட் ஹோஸ்ட். 4096 முகவரிகள். பக்கத்தில் 4096 பைட் இருந்ததே, அதே கணக்கு. மூன்று பாடம், மூன்று புத்தகம், ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஒரு நீளமான எண்ணை எந்த இடத்தில் வெட்டுவது, வெட்டிய ஒவ்வொரு துண்டும் எதைச் சொல்கிறது? போன வாரம் சப்நெட் கணக்குப் போட்ட கை, கேஷ் கணக்கை மறந்திருக்க வழியில்லை. அதற்கு வேறு பெயர் கொடுத்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவே.

இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். 20 பிட் பக்க எண் என்றால், எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்க அட்டவணையில் 10 லட்சத்துக்கு மேல் பதிவுகள். ஒன்றுக்கு 4 பைட் வைத்தால் அட்டவணை மட்டுமே 4 மெகாபைட், அதுவும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும். என்ன செய்கிறோம்? அட்டவணையையே 4 கிலோபைட் பக்கங்களாக நறுக்குகிறோம். 1024 துண்டு வருகிறது. அந்த 1024 துண்டுகளும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல மேலே இன்னொரு அட்டவணை. அது சரியாக ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. முகவரியை 10, 10, 12 பிட்டாக வெட்டும் அந்தப் பிரிவை மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம். இதைப் புரிந்துகொண்டு டிபிஎம்எஸ்ஸுக்கு வாருங்கள். இன்டெக்ஸ் பெரிதாகிவிட்டது, டிஸ்க் பிளாக்குகளாக நறுக்குகிறோம், நறுக்கியதற்கு மேலே ஒரு இன்டெக்ஸ், அதற்கும் மேலே ஒன்று. பி ப்ளஸ் ட்ரீயின் அடிப்படை யோசனை இதுதான். ஒரு பிளாக்கில் 256 சுட்டிகள் அடங்கினால் மூன்று அடுக்கில் ஒன்றரைக் கோடிக்கு மேல் போய்விடலாம்.

எல்லாம் ஒன்றுதான் என்று மேடைப்பேச்சு பேசவில்லை. வேறுபாடுகளும் இருக்கின்றன, பெரும்பாலும் அங்கேதான் நல்ல கேள்வி ஒளிந்திருக்கும். ரௌட்டர் முகவரியின் மேல் பிட்களைப் பார்க்கிறது. கேஷ் ஏன் வரி எண்ணை நடுவிலிருந்து எடுக்கிறது? மேலிருந்து எடுத்தால் என்ன கெட்டுவிடும்? யோசித்துப் பாருங்கள்: அடுத்தடுத்த பிளாக்குகளுக்கு மேல் பிட்கள் ஒன்றாகவே இருக்கும், எல்லாம் ஒரே வரிக்கு வந்து ஒன்றை ஒன்று தள்ளிவிடும். இந்த ஒரு பதிலைச் சொந்தமாகக் கண்டுபிடித்துவிட்டால் கேஷ் மேப்பிங் அப்புறம் மறக்காது.

வட்டம் கண்டுபிடிப்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். திசையுள்ள கிராஃபில் வட்டம் இருக்கிறதா என்று டிஎஃப்எஸ் (ஒரு வழியில் கடைசிவரை போய்த் திரும்பும் தேடல்) ஓட்டிப் பார்ப்பது அல்காரிதம் பாடத்தில் ஒரு சின்னப் பகுதி. ஓஎஸ்ஸில், எந்த ப்ராசஸ் எந்த வளத்தை வைத்திருக்கிறது, எதற்குக் காத்திருக்கிறது என்ற கிராஃபில், ஒவ்வொரு வளத்துக்கும் ஒரே பிரதி இருக்கும்போது வட்டம் இருந்தால் டெட்லாக்: ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எதுவும் நகராது. பிரதிகள் பல இருந்தால் வட்டம் இருந்தும் தப்பிக்கலாம், இங்கே கவனம். டிபிஎம்எஸ்ஸில், எந்த ட்ரான்சாக்ஷன் எதற்கு முன்னால் வர வேண்டும் என்று காட்டும் முன்னுரிமை கிராஃபில் வட்டம் இல்லை என்றால் அந்த ஷெட்யூல் கான்ஃப்ளிக்ட் சீரியலைசபிள் (ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியதற்குச் சமம்), வரிசை வேண்டுமென்றால் டோபலாஜிகல் சார்ட் செய்துகொள்ளலாம்.

டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞரைக் கவனித்திருக்கிறீர்களா? அல்காரிதத்தில் குறுகிய பாதை (1959-இல் வெளியானது), நெட்வொர்க்ஸில் ஓஎஸ்பிஎஃப் என்ற ரௌட்டிங் புரோட்டோகால் பயன்படுத்துவது அதே அல்காரிதம், ஓஎஸ்ஸில் செமஃபோரும் (ப்ராசஸ்கள் மோதாமல் காக்கும் எண்ணி) டெட்லாக்கைத் தவிர்க்கும் பேங்கர்ஸ் அல்காரிதமும், டேட்டா ஸ்ட்ரக்சரில் இன்ஃபிக்ஸைப் போஸ்ட்ஃபிக்ஸாக மாற்ற ஸ்டாக் வைத்துச் செய்யும் முறை. ஒரே ஆள். அவருக்கு இந்த செமஸ்டர்ச் சுவர்கள் இருக்கவில்லை.

ஆகவே நோட்ஸ் எழுதுவதானால் பாடவாரியாக எழுதாதீர்கள். 'முகவரியை வெட்டுவது', 'பெரிய அட்டவணைக்கு மேல் அட்டவணை', 'வட்டம்', 'நினைவகத்தில் இடம் போதவில்லை, எதை வெளியேற்றுவது' என்று பக்கங்கள் போட்டு, எந்தப் பாடத்தில் வந்தாலும் அதன் கீழே எழுதுங்கள். முதலில் குழப்பமாக இருக்கும். நெட்வொர்க்ஸை முடிப்பதற்குள் பழைய பாடங்கள் தானாகத் திரும்பி வர ஆரம்பிக்கும்.

சூத்திரங்களாகத் தெரிகிறது என்று சொன்னீர்கள். பழைய வினாத்தாள்மேல் பழி போடாதீர்கள், விடை சரியென்று தெரிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் சிக்கல். ஃபிஃபோ (முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும்) பக்க மாற்றக் கணக்கு ஒன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. நினைவகத்தில் மூன்று ஃப்ரேம் (ஒரு பக்கம் உட்காரும் இடம்) இருந்தால் 9 பேஜ் ஃபால்ட், அதாவது கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாத தடவைகள்; நான்கு ஃப்ரேமில் 10. நினைவகத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகிறது! பெலாடி முரண் என்று பெயர் போட்டு ஒரு மார்க்குக்குப் படித்துவிட்டுப் போகிறோம். நெடுநேரம் தொடாத பக்கத்தை வெளியேற்றும் எல்ஆர்யூவில் இது ஏன் நடக்காது என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று ஃப்ரேமில் இருப்பவை நான்கு ஃப்ரேமிலும் இருக்கின்றனவா என்று கையால் எழுதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நீங்கள் தேடும் ஆராய்ச்சி மனசு இந்த மாதிரிக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஐஐடிகளில் எம்எஸ் மாதிரி ஆராய்ச்சிப் படிப்புகளுக்குக் கேட் மதிப்பெண் பெரும்பாலும் அழைப்பு வாங்கித் தருவதோடு சரி. அப்புறம் இன்டர்வியூ இருக்கிறது. அங்கே ஒரு பதிலுக்குப் பின்னால் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

தேர்வு உத்தி பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன். நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் ஒரு மதிப்பெண் கேள்வியில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடி அடித்தால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது, ஒன்பதில் ஒரு பங்கு லாபம். ஒன்றோ அதற்கு மேலோ சரியான விடை இருக்கக்கூடிய கேள்விகளுக்கும், எண்ணை நாமே எழுதும் கேள்விகளுக்கும் நெகட்டிவ் கிடையாது, அவற்றைக் காலியாக விடாதீர்கள்.

நண்பர்கள் வேலைக்குப் போனது பற்றி: அவர்கள் வாங்கியது வேலை, நீங்கள் கேட்பது படிப்பு. இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டாலும் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதலாம், கேட் மதிப்பெண்ணும் மூன்று வருடம் செல்லும். இதற்கு மேல் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கம்பைலரை விட வேண்டாம். மார்க் குறைவு என்பது உண்மை, ஆனால் அதில் புதிதாகப் படிக்க வேண்டியதும் குறைவு. நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சிகல் அனலைசர் என்பது தியரி ஆஃப் கம்ப்யூடேஷனில் வரும் டிஎஃப்ஏதான் (ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த நிலை ஒன்றே ஒன்றாக இருக்கும் இயந்திரம்). அந்தச் சொற்கள் இலக்கணப்படி அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பார்சிங், கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமரின் தொடர்ச்சி. எல்ஆர் பார்சரில் ஐட்டம் செட்டுகள் போடுவது, என்எஃப்ஏவை (அடுத்த நிலை பல இருக்கக்கூடிய இயந்திரம்) டிஎஃப்ஏவாக மாற்றும் அதே வேலை. ரிஜிஸ்டர் ஒதுக்கீடு போனால் கிராஃப் கலரிங். உங்கள் பட்டியலில் தியரி ஆஃப் கம்ப்யூடேஷனே இன்னும் வரவில்லை. நெட்வொர்க்ஸை முடித்ததும் அதையும் கம்பைலரையும் சேர்த்தே எடுங்கள், ஒரே நோட்டில். எல்எல்(1) பார்சிங் அட்டவணையில் ஃபர்ஸ்ட், ஃபாலோ கணக்குகளுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் பயிற்சி தேவைப்படும்.

அன்புடன்.