"விழப்போகிற பல்தானே?" – குழந்தைகள் பல் மருத்துவரிடம் சில கேள்விகள்

ஒன்றேகால் வயது மகளுக்கு மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது, டாக்டர். பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்கிறார் மாமியார். துடைத்தாலும் போகவில்லை.

துடைத்துப் போகாதது பால் இல்லை, அம்மா. சொத்தை அப்படித்தான் தொடங்கும். இப்போதே கண்ணில் பட்டது நல்லதாயிற்று. குழி விழாத இந்த நிலையில் ஃப்ளூரைடு வார்னிஷ் என்கிற, பல்லைக் காக்கும் பூச்சு மருந்தைத் தடவினால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். ராத்திரி பால் புட்டியோடு தூங்குகிறாளா? தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பாலில் சர்க்கரையோ கற்கண்டோ போடுவதை இன்றே விடுங்கள். தூங்கும்போது புட்டி கேட்டு அடம்பிடித்தால் வெறும் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி அழுவாள், பிறகு பழகிவிடும்.

நாங்கள் தருமபுரி பக்கம். தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகம் என்கிறார்கள். இரண்டு வயது மகனுக்குப் பேஸ்ட்டிலும் அது வேண்டுமா? துப்பத் தெரியாமல் முழுங்கிவிடுகிறான்.

முதலில் அவன் என்ன தண்ணீர் குடிக்கிறான் என்று பாருங்கள். உங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காவிரித் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். பேஸ்ட் வழக்கம்போல் இருக்கட்டும். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குடிக்கத் தரக்கூடாது; பேஸ்ட் பற்றி உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு: மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, அதன்பிறகு பட்டாணி அளவு. அரிசி மணி அளவை முழுங்கினாலும் பயமில்லை. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

பேரனுக்கு ஐந்து வயது. கடைவாய்ப்பல் சொத்தைக்கு வேர் சிகிச்சை செய்து மூடி போட வேண்டும் என்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு செலவு தேவையா, டாக்டரம்மா?

ஐயா, எல்லோரும் கேட்கிற கேள்வி இது. முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயதில் விழும். பால் கடைவாய்ப்பற்கள் விழ 10, 12 வயதாகும். இன்னும் ஐந்தாறு வருஷம் அவன் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும். அந்தப் பல்லின் அடியிலேயே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் வைத்தால் அதுவும் பழுதாகலாம். பிடுங்கிவிட்டாலோ பக்கத்துப் பல் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், புதுப் பல் கோணலாக வரும். காப்பாற்றவே முடியாமல் எடுக்க நேர்ந்தால், இடம் காக்கும் கம்பி தேவையா என்று கேளுங்கள்.

"நான் இந்தப் பக்கம் மட்டும்தான் சாப்பிடுவேன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்ன ஒரு குழந்தை உண்டு. மாதக்கணக்கில் வலித்திருக்கிறது, அது வலி என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசியில் ஒரு புதுக் கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துப் பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

சாக்லேட்டே கொடுப்பதில்லை. பிறகு எப்படிச் சொத்தை வந்தது?

டீயில் நனைத்த ரஸ்க், பிஸ்கட், பாலில் கலக்கும் சத்துப் பொடி, இருமல் சிரப் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தீர்களா? எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும்; அது அடங்க அரைமணி நேரம் பிடிக்கும். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்று முடிப்பதைவிட நாள் முழுக்கப் பிஸ்கட் கொறிப்பது கெடுதல்.

பல் முளைப்பதால் பேதி ஆகிறது என்று விட்டுவிடலாமா?

கூடாது. பல் முளைப்பதால் பேதி ஆகாது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயது, கிருமி போயிருக்கும். ஓ.ஆர்.எஸ். கொடுத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் விழுந்து, எட்டு வயதுப் பையனின் முன்பல் வேரோடு வந்துவிட்டது. பேப்பரில் மடித்துக் கொண்டுபோனோம். இனி வைக்க முடியாது என்றுவிட்டார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

உங்கள் மேல் தவறில்லை, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் சில நொடி பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ அலசலாம்; தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். காய்ந்தால் வேரின் மேலிருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், அடியிலிருக்கும் புதுப் பல்லில் இடித்துவிடும். இதை உங்கள் பையனின் வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.