கேளுங்க, சொல்லுதேன்: 2025-ல ஒங்க ஆல்பம் எது?

போன இதழ்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தோம், 2025-ல வந்த பாட்டு ஆல்பத்துல ஒங்களுக்குப் பிடிச்சது எது, ஏன் பிடிக்குன்னு. அன்னைலேருந்து கடிதாசியும் வாட்ஸப்புமா வந்துகிட்டே இருக்கு. பிடிச்சதச் சொன்னவங்கள விட, மத்தவங்க சொன்னது தப்புன்னு எழுதுனவங்கதான் கூட. எனக்கு அது சந்தோஷம்தான், பாட்டு மேல பாசம் இல்லாதவங்க இவ்வளவு தூரம் மெனக்கெட்டு எழுத மாட்டாங்கல்லா. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, சிலதுக்கு மட்டும் பதில் சொல்லுதேன்.

அண்ணாச்சி, சுத்தி வளைக்காம மொதல்ல ஒங்க ஆல்பம் எதுன்னு சொல்லுங்க. பொறவு மத்தவங்களுக்குப் பதில் சொல்லலாம்.
(கல்லூரி மாணவர், மேலப்பாளையம்)

பைசன் காளமாடன். நிவாஸ் கே. பிரசன்னா மியூசிக். பேரச் சொல்லிட்டேன் தம்பி, ஏன்னு சொல்லதுக்குக் கொஞ்சம் நீளமா எடம் குடுங்க.

படம் வந்தது அக்டோபர் 17. அந்த மாசக் கடைசில திருச்செந்தூருக்குப் போக வேண்டியிருந்து. பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து ஹெட்போன மாட்டிகிட்டு மொதப் பாட்டுல இருந்து ஒண்ணக்கூடத் தள்ளிவிடாம கேட்டுகிட்டே போனேன். செய்துங்கநல்லூர் தாண்டுது, கருங்குளம் தாண்டுது, ஆழ்வார்திருநகரிகிட்ட வாழையும் வயக்காடும் வருது, காதுல ஓடுத பாட்டும் ஜன்னல்ல ஓடுத ஊரும் வேற வேறன்னு தோணவே இல்ல. அது மணத்தி கணேசன் அண்ணாச்சியோட கபடி வாழ்க்கையத் தழுவுன படம்லா. மணத்திய இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டம்னு சொல்லுதோம், 1986 அக்டோபர்ல பிரிக்கதுக்கு முந்தி எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். அந்த மண்ணு பாட்டுல இருக்கு.

எனக்கு மொதல்ல பயமாத்தான் இருந்து. மாரி செல்வராஜ் படத்துல பரியேறும் பெருமாள், கர்ணன், வாழை மூணுக்கும் சந்தோஷ் நாராயணன், மாமன்னனுக்கு ஏ.ஆர். ரஹ்மான். அந்த எடத்துல 2014-ல தெகிடி மூலமா வந்த நிவாஸ் என்ன செய்வாரோன்னு நெனச்சேன். தீக்கொளுத்திங்கிற பாட்ட அவரே பாடியிருக்காரு, அந்த ஒரு பாட்டுலயே என் பயம் போயிட்டு, பாட்டுக்காரங்க ஒருத்தரக் கூப்பிட்டுப் பாட வச்சிருந்தா அந்த வலி இவ்வளவு பச்சையா வந்திருக்காதுன்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். அதே ஆல்பத்துல றெக்க றெக்க இருக்கு, வேடனும் அறிவும் பாடுனது, ஒருத்தர் மலையாளத்து ராப், இன்னொருத்தர் தமிழ் ராப், ரெண்டு பேரும் சேந்து ஒரு நெல்லைச் சீமைக் கதைக்குள்ள வந்து நிக்காவ, ஒட்டாம நிக்கல பாத்துக்கிடுங்க. ஒரு பாட்டு நல்லா இருந்தா அது ஒரு வீட்டத் திண்ணையில நின்னு எட்டிப் பாத்த மாதிரி. ஆல்பம் நல்லா இருந்தா ஊருக்குள்ள தெருத்தெருவா நடந்துட்டு வந்த மாதிரி. பைசன் எனக்கு ஊருக்குள்ள நடந்துட்டு வந்த மாதிரி.

ரஹ்மான் சார் தக் லைஃப் போட்ட வருஷத்துல வேற பேரச் சொல்லுதது எப்படி நியாயம்? முத்த மழை ஒண்ணு போதாதா? அப்படியே பாடகி தீ பாடுனதா சின்மயி பாடுனதா, எது நல்லா இருக்குன்னும் சொல்லிருங்க, எங்க வீட்டுல ரெண்டு கட்சி ஆயிட்டு.
(வங்கி ஊழியர், தென்காசி)

ஒங்க வீட்டுல மட்டுமா, தமிழ்நாடே ரெண்டு கட்சி ஆயிட்டுல்லா. தமிழ் ரெக்கார்டுல பாடுனது தீ. தெலுங்குலயும் இந்திலயும் சின்மயி. மே மாசம் சென்னையில நடந்த பாட்டு வெளியீட்டு விழாவுக்கு தீ வர முடியல, அதனால மேடையில தமிழ்ப் பாட்ட சின்மயி பாடுனாங்க, அந்த வீடியோ பரவுனதும் இதுதான் ஒரிஜினலா இருந்திருக்கணும்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாச்சு.

எனக்கு இந்த ஒப்பீடே பிடிக்கல. தீ பாடுனது மைக்க வாய்கிட்ட வச்சி, குரல உள்ளயே அடக்கி, ராத்திரி ஒருத்தர் நமக்கு மட்டும் சொல்லுத மாதிரி. சின்மயி பாடுனது முன்னால ஆயிரக்கணக்குல ஆளு உக்காந்திருக்க மேடையில, வாத்தியக்காரங்க நேர்ல வாசிக்க, குரலத் தெறந்து விட்டுப் பாடுனது. அந்தக் கூட்டத்துல தீ மாதிரி அடக்கிப் பாடுனா எடுபடாது, ஹெட்போன்ல தினம் கேக்கதுக்கு மேடைப் பாட்டு சரிவராது. ரெண்டையும் வச்சிக்கிடுங்க, ஒண்ண வெட்டித்தான் இன்னொண்ண வளக்கணும்னு இல்ல. முக்கியமா அந்தப் புள்ள தீயப் பத்தி மோசமா எழுதுனதெல்லாம் பாத்து எனக்கு நெசமாவே மனசு கஷ்டமாப் போச்சி.

ஆனா “ஒண்ணு போதாதா”ன்னு கேட்டிய பாத்தியளா, அங்கதான் நான் ஒத்துக்கிட மாட்டேன். ஒண்ணு போதும்னா அத இந்த வருஷத்துப் பாட்டுன்னு சொல்லுங்க, ஆல்பம்னு சொல்லாதிய. தக் லைஃப்ல சாருலதா மணி பாடுன அஞ்சு வண்ணப் பூவே எனக்கு ரொம்ப ஒசத்தி, அத யாருமே எழுதல. ஜிங்குச்சா கல்யாண வீட்டுக்கு ஆச்சி. எனக்கு நடுவுல சில எடம் தொய்வா இருக்கு, அதனால ரெண்டாவது எடம். ரெண்டாவதுன்னா கீழன்னு அர்த்தம் இல்ல.

1992-ல வந்த ஆல்பத்த எல்லாம் கேட்ட காது இது. இப்ப வாரத எல்லாம் ஆல்பம்னு சொல்லி வருஷா வருஷம் வரிசை போடுதது தேவையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

ஐயா, 1992-அ எடுத்துட்டிய, அதனால நானும் அங்கனயே வாரேன். பொங்கலுக்கு மன்னனும் சின்ன கவுண்டரும், பொறவு சிங்காரவேலன், செம்பருத்தி, எல்லாம் ராஜா சார். நடுவுல அண்ணாமலை, தேவா. ஆகஸ்ட் 15-ல ரோஜா, தீவாளிக்கு தேவர் மகன். ஒரே வருஷம். இதுல ஒண்ணச் சொல்லுன்னா யாரால முடியும்? தேசிய விருதுக் குழுவாலயே முடியலயே. ரோஜாவுக்கும் தேவர் மகனுக்கும் ஓட்டு சரிசமமா வந்து, குழுத் தலைவர் பாலு மகேந்திரா ஓட்டுலதான் ரோஜா ஜெயிச்சிது. அதே வருஷம் தேவர் மகன் பாட்டுக்கு ஜானகியம்மாவுக்கு விருது கெடச்சிது, ரோஜாவுக்கு வைரமுத்துவுக்குக் கெடச்சிது.

எங்க தெருவுல அன்னைக்கு நடந்த சண்டை எனக்கு இன்னும் காதுல இருக்கு ஐயா. ரோஜா வந்தப்போ எங்க சித்தப்பா இது பாட்டே இல்ல, கம்ப்யூட்டர் சத்தம்னாரு. சின்ன சின்ன ஆசைய ஊரே பாடிகிட்டு இருந்த மாசத்துலயும் அவரு அதத்தான் சொன்னாரு. பத்து வருஷம் கழிச்சி அதே சித்தப்பா ஸ்கூட்டர்ல போகும்போது காதல் ரோஜாவேய முணுமுணுத்துகிட்டுப் போறத நான் பின்னால உக்காந்து கேட்டேன். அதனாலதான் இப்ப வாரது எதையும் ஒடனே மட்டம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு ஆல்பம் நிக்குமா நிக்காதான்னு அந்த டிசம்பர்ல தெரியாது, அடுத்த வருஷம் சித்திரை வைகாசியில கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டும்போது யாரும் சொல்லாமலே அந்தப் பாட்டு வருதான்னு பாக்கணும். கர்ணன் 2021-ல வந்தது, கண்டா வரச்சொல்லுங்க இன்னைக்கும் எங்க பக்கத்துக் கொடையில ஓடுது.

ஒங்க ஆதங்கத்துல நியாயம் இருக்க எடத்தையும் சொல்லணும். அன்னைக்குக் கேசட்டுன்னா ஏ சைடு ஒரு படம், பி சைடு இன்னொரு படம், பிடிக்காத பாட்டத் தாண்டிப் போகணும்னா ஓட்டி ஓட்டி டேப் சிக்கிரும், அதனால பிடிக்காததும் காதுல விழும், விழுந்து விழுந்து பிடிச்சும் போகும். ஒரு பாட்டு முடிஞ்ச அமைதியில அடுத்த பாட்டோட மொத அடி நிழல் மாதிரி மெல்லக் கேக்குமே, ஞாபகம் இருக்கா ஐயா? டேப்பு சுருளா இருக்கும்போது ஒரு சுத்துல இருக்க காந்தப் பதிவு ஒட்டுன சுத்துலயும் லேசா ஏறிக்கிடும், அதான் அது. அந்த நிழல் கேட்டுக் கேட்டே எந்தப் பாட்டுக்குப் பொறவு எந்தப் பாட்டுன்னு நமக்கு மனப்பாடம். இன்னைக்குப் படம் வாரதுக்கு மாசக்கணக்குல முந்தியே ஒவ்வொண்ணா விடுதாங்க, வரிசைங்கிறதே ஒடஞ்சிட்டு. எனக்கும் அது வருத்தம்தான்.

சாய் அபயங்கரோட கட்சி சேர, ஆச கூட மாதிரி தனிப்பாட்ட ஆல்பம் கணக்குல சேக்கலாமா?
(பேர் வேண்டாம்னு எழுதியவர், வள்ளியூர்)

சேக்க முடியாது. அது தனிப்பாட்டு, நல்ல பாட்டு, 2024-லயே வந்தது. சினிமா இல்லாத ஆல்பம் வேணும்னா அறிவும் ஆஃப்ரோவும் 2019-ல போட்ட தெருக்குரல கேளுங்க.

அண்ணாச்சி, இருவத்தஞ்சு வருஷமா மைக்செட் போடுதேன். புதுப்பாட்டு எதப் போட்டாலும் குழாய் ஸ்பீக்கர்ல எடுபட மாட்டுக்கு, வெறும் கரகரன்னுதான் கேக்கு. பழைய பாட்டப் போட்டா மூணு ஊருக்குக் கணீர்னு போகுது. அப்ப புதுப்பாட்டுல சரக்கு இல்லன்னுதானே அர்த்தம்?
(மைக்செட் வைத்திருப்பவர், திசையன்விளை)

இந்த மாசம் வந்ததுலயே நான் ரொம்ப ரசிச்ச கேள்வி இதுதான் அண்ணாச்சி. ஆனா குத்தம் பாட்டுல இல்ல, குழாய்ல.

குழாயோட நீளமும் வாய் அகலமும் எவ்வளவோ அதுக்குத் தக்கனதான் அது கீழ்ச்சுருதிச் சத்தத்த வெளிய தள்ளும். சத்தம் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அதிருதுங்கிற கணக்குதான் ஹெர்ட்ஸ். நாம மரத்துல கட்டுத சைசுக்கு சுமாரா 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கது வெளியவே வராது. மனுசக் குரலும் நாதஸ்வரமும் பெரும்பாலும் அதுக்கு மேலதான் ஓடும், அதனால கணீர்னு போகும். பழைய பாட்டெல்லாம் ரேடியோவுக்கும் ரெக்கார்டுக்கும்னு குரல முன்னால நிறுத்திப் பதிஞ்சது, குழாய்க்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். இப்ப உள்ள பாட்டுல பாதி உசுரு கீழ, 50, 100 ஹெர்ட்ஸ்ல இருக்க பேஸ்லயும் டிரம்முலயும் இருக்கு. குழாய்ல போட்டா அந்தப் பாதி அப்படியே செத்துரும், மிச்சம்தான் ஒங்களுக்குக் கரகரன்னு கேக்கு.

கண்டா வரச்சொல்லுங்கய குழாய்ல போட்டுப் பாத்திருப்பிய, அது மட்டும் எப்படி எடுபடுது? கிடாக்குழி மாரியம்மா குரல்தான் அந்தப் பாட்டத் தூக்கி நிறுத்துது. இந்த வருஷ ஆல்பத்துலயும் குரல் முன்னால நிக்க பாட்டாப் பாத்து குழாய்க்கு எடுங்க, தாளக்கட்டுள்ள பாட்ட பாக்ஸ் ஸ்பீக்கர்ல போடுங்க.

இன்னொண்ணும் பாருங்க. போன்ல இருந்து வயர் குடுக்கும்போது நெறைய பேரு ஒரு பக்கத்து சிக்னல மட்டும்தான் எடுக்காங்க. 1978-ல ப்ரியா படம் தமிழ்ல ஸ்டீரியோ கொண்டுவந்ததுக்குப் பொறவு, வயலின் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம்னு பிரிச்சி வைக்கது வழக்கமாயிட்டு. நீங்க ஒரு பக்கம் மட்டும் எடுத்தா பாதி வாத்தியம் காணாமப் போயிரும். போன் செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அதப் போட்டுட்டுக் கேளுங்க, ராஜா சார் பாட்டே புதுசாக் கேக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக்கூடாதுங்கிறது ஒங்களுக்கே தெரியும், சாமக்கொடைக்கு மேளமும் மகுடங்கிற பறையும் போதும்.

இளையராஜாவோட வேலியன்ட் சிம்பொனிய ஏன் ஒருத்தரும் சொல்லல? 2025-ல அத விடப் பெருசா என்ன நடந்து?
(மருந்துக்கடைக்காரர், களக்காடு)

பெருசுதான், சந்தேகமே இல்ல. மார்ச் 8-ல லண்டன்ல அரங்கேறுன அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. 1976-ல அன்னக்கிளியில ஆரம்பிச்ச மனுசன் 81 வயசுல அங்க போய் நிக்காரு. ஆனா அத மூணு நிமிசப் பாட்டோட ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு இல்ல. அவரோட வாத்திய இசைக்குள்ள போகணும்னா 1986-ல மேல்நாட்டு இசைமேதை ஜே.எஸ். பாக்குக்கும் நம்ம தியாகராஜருக்கும் காணிக்கையாப் போட்ட ஹவ் டு நேம் இட்-அ மொதல்ல கேட்டுட்டு வாங்க, வழி தெரியும்.

நம்ம ஊரு இசைக்கு இந்த மாதிரி வரிசையில எடமே கெடையாதா?
(நெசவாளர், சங்கரன்கோவில்)

ஒங்க ஊருக்குப் பக்கத்துல இருக்க சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடுன காவடிச்சிந்து இன்னைக்கும் காவடிக்கு முன்னால ஓடுது, அவரு 1891-லயே சின்ன வயசுல போய்ச் சேந்துட்டாரு. எனக்கு உள்ள கவலை கணியான் கூத்து பத்தி. சுடலைமாடன் கொடையில அண்ணாவி பாட, பின்னால ரெண்டு மகுடம் எதிரும் புதிருமா வாசிக்க, அந்தச் சத்தத்த ஒழுங்கா மைக் வச்சி, பாட்டு வரிசையோட, பாடுனவரு பேரு போட்டு ஆல்பமா யாராவது கொண்டுவந்தா அந்த வருஷம் நான் வேற ஆல்பத்தத் தேடவே மாட்டேன். ஒங்க ஊர்க் கொடையில அண்ணாவிகிட்டக் கேட்டு, சம்மதம் வாங்கி, போன்லயாவது முழுசாப் பதிஞ்சி வையுங்க. பாதியில நிறுத்தாதிய, கதை முடியுத வரைக்கும் எடுங்க.

எங்க தாத்தாவுக்குக் காருகுறிச்சியார் நாதஸ்வரம் தவிர வேற எதுவும் பாட்டே இல்ல. நான் பைசன் போட்டா எந்திரிச்சி வாசலுக்குப் போயிருவாவ. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து கேக்க ஒரு வழி சொல்லுங்க.
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

மொதல்ல நீ தாத்தா பக்கம் போம்மா. கொஞ்சும் சலங்கை, 1962, சிங்கார வேலனே தேவா. காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் ஜானகியம்மா குரலும் ஒண்ண ஒண்ணு தொரத்திகிட்டு ஓடும், ஆபேரி ராகம். அத தாத்தாகூட உக்காந்து முழுசாக் கேளு, போனக் கையில எடுக்காத. காருகுறிச்சியார நேர்ல கேட்டிருக்கியளான்னு தாத்தாகிட்டக் கேளு, அவரு போனது 1964-ல, தாத்தா வயசுக்குக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. கேட்டிருந்தா அன்னைக்கு அந்தப் பேச்சே போதும், பைசனப் போடாத.

மறுநாள் சாயங்காலம் தக் லைஃப்ல இருந்து அஞ்சு வண்ணப் பூவேயப் போடு, அதுக்குப் பொறவு தீக்கொளுத்தி. றெக்க றெக்கய ஒரு வாரம் தள்ளி வையி. சத்தத்தக் கொறச்சி வச்சி, பேஸையும் கொறச்சிரு, வயசானவங்க காதுக்கு அதுதான் மொதல்ல இடிக்கும். எந்தப் பாட்டுல தாத்தா எந்திரிச்சிப் போகாம உக்காந்திருந்தாவன்னு அடுத்த இதழுக்கு எழுதிப் போடும்மா.