பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, டோக்கியோவில் நிஷி-கசாய்க்கு வந்து எட்டு மாதமாகியும் அக்கம்பக்கத்தில் தலையாட்டலோடு சரி, இவர்கள் மனதில் என்ன ஓடுகிறதென்றே தெரியவில்லை, ஏப்ரலில் மகளை இங்கத்துப் பள்ளியில் சேர்க்கவும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் போனது. இந்த ஊர் மனிதர்களை எனக்குப் பழக்கிவிட்டவை ஆவணப்படங்கள்தான்.

என்எச்கே தொலைக்காட்சியில் 'டாக்குமெண்ட் 72 ஹவர்ஸ்' பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மூன்று நாள் கேமராவோடு நிற்பார்கள். வருகிறவர் போகிறவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். 2015-இல் வந்த ஒரு பகுதி, அகிதா துறைமுகத்தில் இருந்த பழைய ஊடோன் இயந்திரத்தைப் பற்றியது. காசு போட்டால் சூடாக நூடுல்ஸ் கிண்ணம் வரும். நடுங்கும் குளிரில் காரை விட்டு இறங்கி, அந்த இயந்திரத்தின் முன்னாலேயே உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். கிண்ணத்துச் சூட்டில் கை காய்ந்த பிறகு, அவர்களாகவே வீட்டுக் கதையை எடுக்கிறார்கள். கேட்டவர் அவசரப்படவில்லை, அதனால் வந்த பேச்சு அது.

இதைப் பார்த்த பிறகுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. எங்கள் கட்டடத்தில் குப்பை நாளன்று காக்கை கிளறாமல் வலை போட்டு மூடும் பெரியவர் ஒருவர் உண்டு. பார்த்த நாள் முதல், "எத்தனை பிள்ளைகள், எந்த ஊர்" என்று நம்மூர் வழக்கப்படி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சிரித்து நழுவிவிடுவார். கேட்பதை நிறுத்தி, வலையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தேன். சில மாதம் கழித்து, மடித்துக்கொண்டே, மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது என்றார்.

நம்மைப் போல் வெளியிலிருந்து வந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது கசுஹிரோ சோதாவின் 2015 படம், 'ஆய்ஸ்டர் ஃபேக்டரி'. பின்னணிக் குரலோ இசையோ கிடையாது. ஒகயாமா பக்கம் உஷிமாதோ என்ற கடலோர ஊர். சிப்பி உடைக்க உள்ளூரில் ஆள் இல்லை, சீனாவிலிருந்து வேலைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். முதலாளிகளில் ஒருவரே 2011 சுனாமிக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்து குடியேறியவர். புது ஆட்களை நினைத்து அந்த ஊர்க்காரர்கள் படும் தவிப்பைப் பார்த்தபோது, நம்மைப் பார்த்து இவர்களுக்கும் தயக்கம் இருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது. மினமாட்டா என்ற ஊரில் பாதரச நஞ்சால் நோயுற்றவர்களைப் பற்றிய நோரியாகி சுச்சிமோட்டோவின் 1971 படம் கனமானது. அதைப் பிறகு பார்க்கலாம்.

மகளுக்காக இன்றிரவே எமா ரையன் யமசாக்கியின் 'இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆஃப் எ பீட்டிங் ஹார்ட்' பாருங்கள். அரை மணி நேரம்கூட இல்லை; 2025 ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. டோக்கியோ பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள், புதிதாகச் சேர வரும் குழந்தைகளை வரவேற்க வாத்தியம் பழகுகிறார்கள். சிம்பல் அடிக்கும் சிறுமி திட்டு வாங்கி அழும்போது எனக்கு ஆசிரியர் மேல் கோபம் வந்தது. என் மனைவிக்கோ, கூட நின்று தேற்றுகிறவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். இரண்டும் இந்தப் பள்ளிகளில் உண்டு.

வகுப்பறையைப் பிள்ளைகளே துடைப்பார்கள். 'சோக்கின்' என்று துடைக்கும் துணி கொண்டுவரச் சொல்வார்கள். நூறு யென் கடையில் கிடைக்கும். பழைய துண்டு இருந்தால், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே தைத்துக் கொடுங்கள்.