பேச்சைக் கேட்டே எழுதிய ஆகஸ்ட் வில்சன்

அமெரிக்க நாடக ஆசிரியர்களில் ஒருவரை மட்டும் படிப்பதென்றால் யாரைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆகஸ்ட் வில்சனைத்தான் சொல்வேன்.

1945-இல் பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பிறந்தவர். அப்பா ஐரோப்பாவிலிருந்து குடியேறிய, ஜெர்மன் வம்சாவளி ரொட்டிக்காரர், வீட்டில் தங்கியதே குறைவு. வளர்த்தது அம்மா டெய்சி வில்சன், வீடுகளைச் சுத்தம் செய்து சம்பாதித்த கறுப்பினப் பெண். மகன் பின்னாளில் அம்மாவின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். 15 வயதில் நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய 20 பக்கக் கட்டுரையை அவரே எழுதியது என்று ஆசிரியர் நம்பவில்லை. அன்றோடு பள்ளிக்கு முழுக்கு. அம்மாவுக்குத் தெரியாமல் கார்னெகி நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தார், பல வருடம் கழித்து அந்த நூலகமே அவருக்குப் பள்ளிப் படிப்புக்கான சான்றிதழ் கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. ஆரம்பத்தில் அவருக்கு வசனமே வரவில்லை. தன் தெருவில் மனிதர்கள் பேசுகிற பேச்சு இலக்கியத்துக்குப் போதாது, அதைச் செதுக்கி உயர்த்த வேண்டும் என்று நினைத்திருந்தார். 1978-இல் செயின்ட் பால் நகரத்துக்குக் குடிபோன பிறகுதான், ஊரை விட்டுத் தள்ளி இருக்கும்போதுதான், அந்தக் குரல்கள் அவர் காதில் தெளிவாக விழுந்தன. அப்புறம் அவர் அவற்றைத் திருத்தவில்லை, பேசவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்று என மொத்தம் 10 நாடகங்கள், அதில் 9 ஹில் டிஸ்ட்ரிக்டிலேயே நடக்கின்றன. இரண்டு புலிட்சர் பரிசுகள். கடைசி நாடகம் மேடையேறிய 2005-லேயே, 60 வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்துபோனார்.

'ஃபென்சஸ்' நாடகத்திலிருந்து ஆரம்பியுங்கள். குப்பை வண்டியில் வேலை செய்யும் டிராய், தன் காலத்தில் கறுப்பர் என்பதால் பெரிய பேஸ்பால் அணிகளில் ஆட முடியாமல் போனவர், அந்தக் கசப்பில் மகனின் அமெரிக்கக் கால்பந்து வாய்ப்பையும் கெடுக்கிறார். வேறொரு பெண்ணிடம் தனக்குப் பிறந்த, தாயை இழந்த குழந்தையைக் கையில் ஏந்தி மனைவி ரோஸ் முன்னால் வந்து நிற்பார். குழந்தைக்கு நான் தாய், உனக்கு இனி மனைவி இல்லை என்ற பொருளில் ரோஸ் சொல்லும் பதிலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 2016-இல் வந்த படத்தில் வயோலா டேவிஸ் ரோஸாக நடித்து ஆஸ்கர் வாங்கினார், திரைக்கதை வில்சன் எழுதி வைத்துவிட்டுப் போனதுதான். ஆனாலும் நாடகத்தை முதலில் படித்துவிடுங்கள், படம் அப்புறம்.