அரிசி மூட்டையா, மாதா மாதம் பணமா?

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு முதல் திதி வருகிறது. கடைசி வரை தெரு நாய்களுக்குச் சோறு வைத்தவர். அவர் நினைவாக ஒரு விலங்குகள் காப்பகத்துக்கு 10,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறேன். பணமாகக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. முன்பு வாட்ஸ்அப்பில் வந்த அடிபட்ட நாயின் படத்தைப் பார்த்து 1,500 ரூபாய் அனுப்பினேன். அப்புறம் அதே படம் வேறு பெயரில், வேறு எண்ணோடு வந்தது. பேசாமல் அரிசி மூட்டையாக இறக்கிவிடட்டுமா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: தம்பி, நீங்கள் ஏமாந்ததைப் படித்ததும் வயிறு எரிந்தது. அதற்காக அரிசிக்குப் போய்விடாதீர்கள். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்தில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தநாள், திதி என்று அரிசி வந்துவிடும். வராதது வேலை செய்பவர்களின் சம்பளப் பணம். தாம் கொடுக்கும் காசு நாய்க்குத்தான் போக வேண்டும், ஆளுக்குப் போகக் கூடாது என்று பலர் சொல்லிவிட்டே கொடுக்கிறார்கள்.

போன மாதம் காதுக்குப் பின்னால் புழு வைத்த நாய் ஒன்று வந்தது. மருந்து விட்டதும் புழுக்கள் நெளிந்து மேலே வரும். ஒருவர் வாயைக் கட்டி அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். முக்கால் மணி நேரம் நிமிரவே இல்லை. மறுநாளும் அதே வேலை, அதற்கடுத்த நாளும். ஆறாம் நாள் அந்த நாய் அவர் கையிலிருந்து தயிர் சாதம் தின்றது. அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போட்டால்தான் அடுத்த நாய்க்கும் ஆள் இருக்கும்.

அதனால் 10,000 ரூபாயை 12 மாதமாகப் பிரித்துக் கொடுங்கள். மாதம் 800 ரூபாய்க்கு மேலேயே வரும். எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். இத்தனை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர்களால் ஆள் வைக்க முடியும்.

யாருக்குக் கொடுப்பது? 1959-இல் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கியதுதான் சென்னை புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. அப்படிப் பேர் பெற்ற இடத்துக்கும் கொடுக்கலாம், உங்கள் பக்கத்துச் சிறிய காப்பகத்துக்கும் கொடுக்கலாம். எதுவானாலும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, புதிதாக வந்த நாயைத் தனியே வைக்கிறார்களா, போன வருடக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள். தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பாமல், அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், அரிசியாகவே கொடுத்தாலும் அது கிடைக்காது.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். பினாயில் மட்டும் வேண்டாம், பூனைகளுக்கு அது விஷம்.

கேள்வி: எங்கள் நாய்க்குட்டி பார்வோ என்ற தொற்றுநோய் வந்து போன மாதம் இறந்துவிட்டது. அதன் போர்வை, மெத்தை, ஸ்டீல் கிண்ணம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் போர்வையையும் மெத்தையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பார்வோ கிருமி துணியிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காப்பகத்தில் தடுப்பூசி போட்டு முடியாத குட்டிகள் எப்போதும் இருக்கும். ஒரு போர்வையால் ஒரு கூண்டே காலியாவதை நான் பார்த்திருக்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு எரித்துவிடுங்கள். நோய் படாத வீட்டிலிருந்து துவைத்த பருத்திப் புடவை, துண்டு, பழைய செய்தித்தாள் வாங்கிக் கொடுத்தால் நன்றாக உதவும்.

முடிந்தால் ஒரு குட்டியின் தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போட வேண்டும். பலர் முதல் ஊசிக்குக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கடைசி ஊசி வரைக்கும் கொடுங்கள்.

கிண்ணத்தைக் கொடுக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வையுங்கள். நன்றாக அலசி வெயிலில் காய வைத்து, பார்வோ வந்த வீட்டுக் கிண்ணம் என்பதையும் சொல்லியே கொடுங்கள். வளர்ந்த நாய்கள் இருக்கும் பக்கம் வைத்துக்கொள்வார்கள்.