மகப்பேறு பாலிசியா, கையில் இருக்கும் இ.எஸ்.ஐ.யா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 25. துணிக்கடையில் பில்லிங் வேலை, சம்பளம் 18,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். குழந்தை இரண்டு வருடம் கழித்துத்தான். காப்பர்-டி (கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனம்) முதல் பிரசவம் வரை எல்லாம் கிளெய்ம் ஆகும் என்று ஏஜென்ட் ஒருவர் ஆண்டுக்கு 24,000 ரூபாயில் பாலிசி சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கருத்தடை, குழந்தையின்மை சிகிச்சை, சட்டப்படியான கருக்கலைப்பு மூன்றும் மருத்துவக் காப்பீட்டில் வழக்கமாகவே விலக்கப்பட்டவை. பாலிசிப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் 17, 18 எண்களை ஏஜென்டையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரசவ கவர் தனியாகச் சேர்த்தாலும் பெரும்பாலும் 2 முதல் 4 ஆண்டு காத்திருப்பு. தொகைக்கும் உச்சவரம்பு உண்டு.

உங்களுக்கான கவர் ஏற்கெனவே இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75%, மாதம் 135 ரூபாய். முதலாளி 3.25%, 585 ரூபாய் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாத கடைகளும் உண்டு. அதனால் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு, மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்) 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் 26 வாரம் முழுச் சம்பளம். உங்கள் கணக்கில் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். கருச்சிதைவானால் 6 வாரம். இடையில் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் இந்த 70 நாளில்தான் அடி விழும். கணவர் பெயரையும் அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

காப்பர்-டிக்குச் செலவே இல்லை. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும், வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம். அடுத்த மாதவிலக்குக்குப் பிறகு ஒருமுறை காட்டிவிடுங்கள். நழுவுவது பெரும்பாலும் முதல் மாதங்களில்தான். மீறிக் கரு தங்கி, அதைக் கலைக்க நினைத்தால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிரம்பியவருக்குக் கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, கேட்டால் மறுக்கலாம். ஹெச்.ஐ.வி. சோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம், அதுவும் இலவசம்.

அந்த 24,000-ஐ மாதம் 2,000 என ஆர்.டி. (மாதாந்திரத் தொடர் சேமிப்பு) போடுங்கள். இரண்டு வருடத்தில் 48,000, வட்டி தனி. ஸ்கேனுக்கும் ஆட்டோவுக்கும் கையில் காசு இருக்கும். கரு உறுதியானதும் 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். தகுதியிருந்தால் தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பு, அதில் 14,000 ரொக்கம்.

கையிலிருந்து செலவழிக்க வேண்டியது ஒன்றுதான்: கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. உள்நாட்டுத் தயாரிப்பு செர்வாவாக் டோஸ் 2,000 ரூபாய் அளவில். உங்கள் வயதுக்கு 0, 2, 6 மாதங்களில் மூன்று. அதற்கு அனுமதி 26 வயது வரைதான். டாக்டரிடம் கேட்டு, முதல் ஊசியை இந்த மாதமே போடுங்கள்.